பழைய எபி இன்ஃபோ கணினியைக் கண்டெம் செய்யும் முன்: சமுதாய மருத்துவத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் சமுதாய மருத்துவத் துறைத் தலைவர்கள், ஆய்வுப் பொறுப்பாளர்கள்

பொருள்: எபி இன்ஃபோ 6, எஸ்பிஎஸ்எஸ்/பிசி+ கோப்புகளில் உள்ள ஆய்வுத் தரவைப் புதிய நிரல்களுக்குக் கொண்டுவருதல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. அதையொட்டி உங்கள் துறையிலும் பழைய கணினிகளை மாற்றும் பேச்சு எழுந்திருக்கும். கண்டெம் (பயனற்றதென்று கழிக்கும்) பட்டியலில் கையெழுத்திடும் முன் ஒரு வேண்டுகோள். அந்தக் கணினிகளின் ஹார்ட் டிஸ்க்கையும் பீரோவில் கிடக்கும் ஃப்ளாப்பிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எபி6 என்றொரு கோப்புறை இருந்தாலோ, ரெக் என்று முடியும் கோப்பு ஒன்று கண்ணில் பட்டாலோ, அந்தக் கணினியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எபி இன்ஃபோ, அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி அட்லாண்டாவிலிருந்து 1985 முதல் இலவசமாகக் கொடுத்த, ஆய்வுத் தரவை உள்ளிட்டுப் பகுப்பாய்வு செய்யும் நிரல். 1994-இல் வந்த 6-ஆம் பதிப்பை யார் வேண்டுமானாலும் ஃப்ளாப்பியில் நகலெடுத்துக்கொள்ளலாம், உரிமக் கட்டணம் கிடையாது. விண்டோஸுக்கு முந்தைய சாதாரண டாஸ் கணினியே போதும் என்பதால் சமுதாய மருத்துவத் துறைகளில் அது வேரூன்றிவிட்டது. தடுப்பூசிக் கொத்து ஆய்வுகள் (சில ஊர்களைக் கொத்துகளாகத் தேர்ந்து நடத்தியவை), குழந்தைகளின் எடை, உயரம், கர்ப்பிணிகளின் ரத்தசோகை, முதியோர் நலம் என்று 1990களின் களப்பணித் தரவு அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது. தீசிஸ் நூலகத்தில் இருக்கிறதே என்று சொல்லலாம். தீசிஸில் இருப்பது அட்டவணை மட்டும். ஒரு கிராமத்தில் 1995-இல் இரண்டு வயதுக் குழந்தை எத்தனை கிலோ இருந்தது என்பதை இன்று போய் அளந்துவர முடியாது.

ரெக் கோப்பைப் படிக்கப் பழைய கணினி தேவையில்லை, அதை எந்தக் கணினியிலும் படிக்கலாம். ஆனால் மாற்றியது சரிதானா என்று ஒப்பிட, மூல நிரல் ஓடும் இடம் ஒன்று வேண்டும். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். அதில் 16 பிட் டாஸ் நிரல்கள் நேரடியாக ஓடாது. பழைய டாஸ் கணினிபோல நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் என்ற நிரலைப் போட்டு ஓட்டலாம். அதிலும் போர்லாண்டின் டர்போ பாஸ்கலில் எழுதிய அக்காலத்து நிரல்கள் வேகமான கணினியில் 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லி நின்றுவிடுவதுண்டு. கோப்பில் கோளாறு என்று பயந்துவிட வேண்டாம். நிரல் தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளந்து பார்க்கிறது, அந்தக் கணக்கு வேகமான செயலியில் நிரம்பி வழிகிறது, அவ்வளவுதான். டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறிக்கும் சைக்கிள்ஸ் எண்ணை 5000 அளவுக்குக் குறைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

முதல் வேலை நகலெடுப்பது. ஃப்ளாப்பியைப் போட்டதும் கோப்புகளை இழுத்து ஒட்டுவதைவிட, வட்டை முழுதாக ஒரே பிம்பக் கோப்பாக எடுப்பதே நல்லது. 1.44 எம்பி வட்டின் பிம்பம் மிகச்சரியாக 14,74,560 பைட் இருக்கும், அதாவது 512 பைட் கொண்ட 2,880 பிரிவுகள். அளவு குறைந்தால் எங்கோ படிக்க முடியாமல் போயிருக்கிறது என்று பொருள். டிடிரெஸ்க்யூ போன்ற நிரல் பழுதான பிரிவைத் தாண்டிப்போய் மற்றதை எடுத்துவிட்டு, பிறகு பழுதுக்குத் திரும்பி வரும். வட்டைப் போடும் முன் எழுதத் தடை வையுங்கள்: 3.5 அங்குல வட்டில் துளை திறந்திருக்க வேண்டும், 5.25 அங்குல வட்டில் வெட்டு மூடியிருக்க வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடிக்கும். உலோக மூடியை நகர்த்தி வெளிச்சத்தில் பாருங்கள், வெண்புள்ளி தெரிந்தால் அந்த வட்டைப் போடவே கூடாது. பூஞ்சை டிரைவின் படிக்கும் தலையில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல வட்டையும் கீறிவிடும். அதைத் தரவு மீட்பவர்களிடம் சுத்தம் செய்யக் கொடுங்கள். யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் 3.5 அங்குலத்துக்கு மட்டும்தான், 5.25-க்குத் தனிக் கட்டுப்பாட்டு அட்டை தேவைப்படும்.

நகலெடுத்ததும் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை (கோப்பு மாறினால் இதுவும் மாறும்) கணக்கிட்டு எழுதி வைத்து, மூலத்தைப் 'படிக்க மட்டும்' என்று பூட்டிவிடுங்கள். இனி வேலையெல்லாம் நகலின் மேல்தான்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ரெக் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். எபி இன்ஃபோ 6-இல் ஓர் ஆய்வு என்பது நான்கு கோப்புகள். கியூஇஎஸ் என்பது வினாப்படிவம், ரெக் என்பது தரவு, சிஹெச்கே என்பது தரவு உள்ளிடும்போது நடந்த சோதனைகள், பிஜிஎம் என்பது பகுப்பாய்வுக் கட்டளைகள். பாலினத்தில் 2 என்றால் பெண்ணா, தொழிலில் 4 என்றால் விவசாயக் கூலியா நெசவா என்பது ரெக்கில் இருக்காது, வினாப்படிவத்தில்தான் இருக்கும். வயதை 15 முதல் 24, 25 முதல் 34 என்று பிரித்த விதமும், எத்தனை கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று எண்ணினார்கள் என்பதும் பிஜிஎம்மில் இருக்கும்.

சிஹெச்கே கோப்பைத்தான் எல்லோரும் குப்பை என்று நினைக்கிறார்கள். அதில் ஜம்ப் என்று ஒரு கட்டளை வரும். கருவுற்றிருக்கிறாரா என்ற கேள்விக்கு 'இல்லை' என்றால் நேரே 24-ஆம் கேள்விக்குத் தாவு என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பெண்ணின் பதிவில் 20 முதல் 23 வரை வெற்றிடம். வேறொரு பெண் கருவுற்றிருக்கிறார், ஆனால் 21-ஆம் கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்கள், அங்கேயும் வெற்றிடம். ரெக் கோப்பில் இரண்டு வெற்றிடமும் ஒன்றுபோலவே தெரியும். முதலாவது 'பொருந்தாது', இரண்டாவது 'விடுபட்டது'. சதவீதம் போடும்போது கீழே வரும் எண்ணிக்கை இதைப் பொறுத்துத்தான் அமையும். சிஹெச்கே இல்லாவிட்டால் இதைப் பிரிப்பது மிகவும் கடினம்.

இனி ரெக் கோப்பையே நோட்பேடில் திறந்து பார்க்கலாம். பயப்பட ஒன்றுமில்லை, அது வெறும் எழுத்துக் கோப்பு. முதல் வரியில் எத்தனை புலங்கள் (பதிலை நிரப்பும் இடங்கள்) என்ற எண். திரையில் வெறும் தலைப்பாக வரும் வரிகளும் அந்தக் கணக்கில் சேரும், ஆகவே மாறிகளைவிட அது கூடுதலாக இருக்கலாம். அதன்பின் புலத்துக்கு ஒரு வரி வீதம்: பெயர், திரையில் இருக்கும் இடம், வகை, அகலம், கேள்வி வாசகம். அதற்கும் கீழே பதிவுகள். ஒரு பதிவு 78 எழுத்துக்கு ஒருமுறை மடிந்து அடுத்த வரிக்குப் போகும், ஒவ்வொரு மடிப்பின் முனையிலும் ஒரு வியப்புக்குறி நிற்கும். 200 எழுத்துப் பதிவு மூன்று வரி. இது தெரியாமல் எக்செல்லில் திறந்தால் ஒரு குழந்தை மூன்று குழந்தையாகிவிடும், 210 பேர் 630 ஆவார்கள். மொத்தம் அச்சாக மூன்று மடங்கு வந்தால் காரணம் இதுதான்.

பதிவின் கடைசியில் வியப்புக்குறிக்குப் பதிலாகக் கேள்விக்குறி நின்றால் அது அழிக்கப்பட்ட பதிவு. எபி இன்ஃபோவில் ஒரு பதிவை அழித்தால் கோப்பிலிருந்து போய்விடாது, குறி மட்டும் மாறும். ஒரே ஷெட்யூலை (களத்தில் நிரப்பிய வினாத்தாளை) இரண்டு முறை உள்ளிட்டுவிட்டு ஒன்றை அழித்திருப்பார்கள். யாராவது சொந்தமாக ஒரு சிறு நிரல் எழுதி இந்தக் கோப்பைப் பிரித்தால், அழித்தவையும் உயிர்பெற்று வந்துவிடும். தடுப்பூசி ஆய்வில் 30 கொத்து, கொத்துக்கு 7 குழந்தை, ஆக 210 என்று எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் 213 வந்தால் உடனே பிழை என்றும் சொல்ல முடியாது. கொத்தின் கடைசி வீட்டில் தகுதியுள்ள குழந்தை இரண்டு இருந்தால் இரண்டையும் சேர்ப்பது அந்த முறையின் விதி. ஆகவே மொத்தத்தை வைத்து முடிவு செய்யாமல், கொத்துவாரியாக எண்ணித் தீசிஸின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

புள்ளியியலுக்கான ஆர் என்ற கணினி மொழியின் 'ஃபாரின்' தொகுப்பில் எபி இன்ஃபோ கோப்பைப் படிக்கும் கட்டளை இருக்கிறது. மடிப்பையும் அழிப்புக் குறியையும் அது தானே பார்த்துக்கொள்ளும், அழித்த பதிவுகளைக் கேட்டால்தான் தரும். டென்மார்க்கில் உருவான எபிடேட்டா என்ற நிரலும் நல்ல வழி. பழைய ரெக்கை அப்படியே திறந்து ஸ்டேட்டா, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் நிரல்களின் வடிவங்களுக்கு ஏற்றுமதி செய்யும். ரெக்கும் சிஹெச்கேயும் ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். பெயர் மாறினால் சோதனைகளும் குறியீட்டு விளக்கங்களும் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும்.

தேதிகளில் இதைவிடப் பெரிய சேதம் நடக்கிறது. அந்தக் காலத்தில் இடத்தை மிச்சம் பிடிக்க ஆண்டை இரண்டு இலக்கத்தில் வைத்தார்கள். 1996-இல் நடந்த ஒரு முதியோர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த ஆண்டு 34 என்று இருக்கிறது. ஆர் மொழியின் வழக்கமான விதிப்படி 00 முதல் 68 வரை இந்த நூற்றாண்டு, ஆகவே பெரியவர் 2034-இல் பிறக்கப்போகிறார். எக்செல்லில் வழக்கமாக 00 முதல் 29 வரைதான் இந்த நூற்றாண்டு, எனவே அதே பெரியவர் 1934-இல் சரியாகப் பிறந்துவிடுகிறார். ஆனால் பக்கத்து வீட்டில் 28 என்று இருக்கும் மூதாட்டியை எக்செல்லும் 2028-க்குத் தள்ளிவிடும். எஸ்பிஎஸ்எஸ் நடப்பு ஆண்டுக்கு 69 ஆண்டு முன்னிருந்து 30 ஆண்டு பின்வரை என்று எல்லை வைக்கிறது, அதாவது அந்த எல்லை ஆண்டுதோறும் நகர்கிறது. எதையும் நம்ப வேண்டாம். தேதியை எழுத்தாகவே இறக்குங்கள். 'பிறந்த ஆண்டு ஆய்வு ஆண்டைத் தாண்டக் கூடாது' என்ற ஒரே விதியில் நூற்றாண்டைச் சேர்த்து, கோப்பில் தனியாக உள்ள வயதுப் புலத்தோடு ஒப்பிடுங்கள். நூறு வயது கடந்தவர்கள் இருக்கும் ஆய்வில் மட்டும் இது போதாது, அவர்களை ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும்.

நாளும் மாதமும் இடம் மாறுவது அடுத்த தொல்லை. எபி இன்ஃபோவில் அமெரிக்க வரிசை, ஐரோப்பிய வரிசை என்று இரண்டு வகைத் தேதிப் புலங்கள் உண்டு. எது என்று கியூஇஎஸ் கோப்பு சொல்லும். நாள் முன்னதாக எழுதிய தேதிகளை அமெரிக்க அமைப்புள்ள எக்செல்லில் திறந்தால் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். 25/03/1996 என்பது அதற்குப் புரியாது, எழுத்தாகவே விட்டுவிடும், அது அறையின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். 05/03/1996 என்பதை மே 3 என்று புரிந்துகொண்டு தேதியாக்கிவிடும், அது வலப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில இடம், சில வலம் என்று தெரிந்தால், வலப்பக்கம் போனவை அத்தனையும் மாறியவை என்று கொள்ளுங்கள். மாதத்தில் 1 முதல் 12 வரையான நாட்களில்தான் இது நடக்கும், ஆகவே ஏறக்குறைய பத்தில் நான்கு தேதிகள். பிறகு யாராவது 'ஒழுங்குபடுத்துகிறேன்' என்று எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் அந்தத் தடயமும் போய்விடும்.

இந்தக் காரணத்தாலேயே சொல்கிறோம்: மாற்றும் பாதையில் எக்செல்லை நடுவில் நுழைக்காதீர்கள். 007 என்ற கிராம எண்ணை அது 7 ஆக்கும். 3-4 என்ற பதிலைத் தேதியாக்கும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட அடையாள எண்ணின் வாலைப் பூஜ்யமாக்கும். எல்லாம் முடிந்தபின் பார்ப்பதற்கு வேண்டுமானால் அதில் திறந்துகொள்ளலாம், சேமிக்காமல் மூடிவிட வேண்டும்.

அடுத்து 9, 99, 999. தகவல் தெரியாவிட்டால் 9 என்று போடுவது அன்றைய வழக்கம். எபி இன்ஃபோ 6-க்கு 99 என்பதும் ஓர் எண்தான், விடுபட்டது என்று அதனிடம் சொல்லி வைக்க முடியாது. பகுப்பாய்வின்போது 99-ஐ விலக்கும் கட்டளையைப் பிஜிஎம்மில் எழுதிக்கொள்வார்கள். அந்தக் கோப்பைத் தொலைத்துவிட்டுத் தரவை மட்டும் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் பார்ப்போம். 200 பெண்கள். 195 பேரின் ஹீமோகுளோபின் சராசரி 10.4 கிராம். ரத்தம் எடுக்க முடியாத 5 பேருக்கு 99.9 என்று போட்டிருக்கிறது. விலக்காமல் சராசரி எடுத்தால் 12.6 வரும். கருவுறாத பெண்ணுக்கு 12 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. ஆக ஐந்தே ஐந்து குறியீடுகள் ஒரு கிராமத்தின் ரத்தசோகையைக் காகிதத்தில் குணப்படுத்திவிடும்.

அதற்காக 9 எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிடவும் கூடாது. பிரசவங்களின் எண்ணிக்கையில் 9 என்பது உண்மையாகவே ஒன்பதாக இருக்கலாம். புலம் புலமாக, வினாப்படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். 'தெரியாது', 'சொல்ல மறுத்தார்', 'பொருந்தாது' மூன்றும் வேறு வேறு. ஸ்டேட்டாவில் இவற்றுக்குத் தனித்தனி விடுபடல் குறிகள் வைக்கலாம், எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஒரு மாறிக்கு மூன்று தனி எண்களை விடுபட்டவை என்று அறிவிக்கலாம். ஆரில் வழக்கமாக ஒரே குறிதான், ஆகவே மூலக் குறியீட்டைத் தனி நெடுவரிசையில் வைத்துக்கொள்வது நல்லது. விடுபடலை அறிவித்தபிறகும் ஒரு கண்ணி உண்டு. ஸ்டேட்டா விடுபட்டதை மிகப்பெரிய எண்ணாக எடுத்துக்கொள்கிறது. '60 வயதுக்கு மேல்' என்று கேட்டால் வயது தெரியாதவர்களும் முதியோராகச் சேர்ந்துகொள்வார்கள். எஸ்ஏஎஸ் என்ற புள்ளியியல் நிரல் அதையே மிகச்சிறிய எண்ணாக எடுத்துக்கொள்கிறது, அங்கே 'ஐந்து வயதுக்குக் கீழ்' என்ற கேள்வியில் அவர்கள் வந்து விழுவார்கள்.

எஸ்பிஎஸ்எஸ் பக்கம் வருவோம். டாஸ் காலத்து எஸ்பிஎஸ்எஸ்/பிசி+ கோப்புகள் சிஸ் என்று முடியும். சிஸ்டாட் என்ற வேறொரு புள்ளியியல் நிரலும் அதே பின்னொட்டைத்தான் வைத்திருந்தது, டாஸின் சொந்த இயக்கிக் கோப்புகளும் அப்படித்தான் முடியும். ஆகவே பெயரை வைத்து எதையும் அழிக்காதீர்கள். கோப்பின் தொடக்கத்தில் 'பிசிஎஸ்பிஎஸ்எஸ் சிஸ்டம் ஃபைல்' என்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அது நமக்கு வேண்டியது. பின்னாளில் வந்த சாவ் கோப்பு என்றால் டாலர் குறியும் எஃப்எல்2 என்ற எழுத்துகளும் முதலில் நிற்கும். போர் என்று முடிவது ஏற்றுமதிக் கோப்பு. அதுவும் எழுத்துக் கோப்புதான், ஆனால் எண்களை 30 அடிமானத்தில் எழுதியிருக்கும், கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. வரிக்கு 80 எழுத்து என்ற கட்டுப்பாடு அதற்கு உண்டு. நடுவில் யாராவது எடிட்டரில் திறந்து, வரி முடிவில் உள்ள வெற்றிடங்களை நீக்கிச் சேமித்திருந்தால் சிக்கல்தான். அதனால்தான் மூலத்தைப் பூட்டச் சொன்னோம்.

இந்த மூன்றையும் படிக்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. குனூ திட்டத்தின் இலவச நிரலான பிஎஸ்பிபியோடு வரும் 'பிஎஸ்பிபி கன்வர்ட்' என்னும் சிறு கருவி சிஸ், சாவ், போர் மூன்றையும் திறந்து சிஎஸ்வியாகவோ (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) புதிய சாவ் கோப்பாகவோ எழுதித் தரும். சிஎஸ்வி எழுதும்போது விடுபட்டவை என்று அறிவித்த எண்களை வெறும் எண்களாகவே எழுதுவது அதன் இயல்பு. 'ரீகோட்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் வெற்றிடமாக்கும். நாங்கள் பரிந்துரைப்பது இரண்டு கோப்பும் எடுத்து வைப்பது. ஆரின் 'ஹேவன்' தொகுப்பு இதற்கு நேர்மாறு. சொல்லாவிட்டால் அவற்றை விடுபட்டவையாக்கிவிடும், 'தெரியாது'வும் 'மறுத்தார்'உம் ஒன்றாகக் கரைந்துபோகும்.

இன்னொன்று, ஆர் பயன்படுத்தும் மாணவர்கள் தவறாமல் விழும் குழி. ஃபாரின் தொகுப்பு எஸ்பிஎஸ்எஸ் கோப்பைப் படிக்கும்போது விளக்கமுள்ள மாறிகளை வகைகளாக்கிவிடும். 0 இல்லை, 1 ஆம், 9 தெரியாது என்று இருந்த மாறியை மறுபடி எண்ணாக்கினால் 1, 2, 3 என்று வரிசை எண்தான் வரும். பழைய 1 'ஆம்', புதிய 1 'இல்லை'. பிழைச் செய்தி எதுவும் வராது, முடிவு மட்டும் தலைகீழாகும். விளக்கங்களைப் பயன்படுத்தாதே என்று கட்டளையிலேயே சொல்லிவிட்டு, பிறகு தனியாகச் சேருங்கள்.

எடையிட்ட தரவு (சில பதிவுகளைக் கூடுதலாகவும் சிலவற்றைக் குறைவாகவும் எண்ணுவது) என்றால் மேலும் ஒரு எச்சரிக்கை. எந்த மாறியால் எடையிட வேண்டும் என்பதைச் சாவ் கோப்பு தன் தலைப்பகுதியிலேயே நினைவில் வைத்திருக்கும். திறந்ததும் எஸ்பிஎஸ்எஸ் தானே எடையிட்டுக் கணக்கிடும். சிஎஸ்வியில் அந்த நினைவு இல்லை. பழைய அட்டவணையும் புதிய அட்டவணையும் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் விலகினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். தேதி இருக்க வேண்டிய இடத்தில் 13039833600 போன்ற பதினொரு இலக்க எண் வந்து நின்றாலும் திகைக்க வேண்டாம். எஸ்பிஎஸ்எஸ் தேதியை 1582 அக்டோபர் 14 முதல் எண்ணிய விநாடிகளாக வைக்கிறது. 86,400-ஆல் வகுத்து, அந்த நாளிலிருந்து எண்ணினால் 1996 ஜனவரி 1.

மாறிகளின் பெயரை மாற்றாதீர்கள். எஸ்பிஎஸ்எஸ் 12-ஆம் பதிப்பு வரும்வரை பெயர் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது, அதனால் அவை புதிர்போல இருக்கும். அழகாக்க வேண்டுமென்றால் விளக்கத்தில் எழுதுங்கள். பெயரை மாற்றினால் பிஜிஎம் கட்டளைகளுக்கும் தரவுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகும்.

விண்டோஸ் வந்தபிறகு சிலர் விளக்கங்களைத் தமிழிலேயே எழுதினார்கள், மனமாரப் பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு: டாம், டாப், பாமினி என்று ஆளுக்கொன்று. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல்தான். இக்கோப்புகளைத் திறக்கும்போது குறிமுறை யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) என்று சொன்னால், புரியாத பைட்டுகளை நிரல் கேள்விக்குறியாக மாற்றிவிடும், மூல எழுத்து திரும்பாது. விண்டோஸ்-1252 என்று சொல்லித் திறந்தால் திரையில் குப்பையாகத் தெரிந்தாலும் பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். அதன்பின் எழுத்துரு மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கலாம். எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால், 'ஆண்', 'பெண்' என்று இருந்தே ஆக வேண்டிய பாலின மாறியை வைத்துச் சோதியுங்கள்.

ஊட்டச்சத்து ஆய்வுகளுக்குத் தனியாகச் சில வரிகள். எபி இன்ஃபோவோடு வந்த எபிநட் என்ற பகுதி எடை, உயரத்திலிருந்து இசட் மதிப்புகளை (அளவுகோலின் சராசரியிலிருந்து குழந்தை எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை) கணக்கிட்டுக் கோப்பிலேயே எழுதிவிடும். அது அமெரிக்கக் குழந்தைகளை வைத்து 1970களில் உருவான என்சிஹெச்எஸ் அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் புதிய வளர்ச்சி அளவுகோலை வெளியிட்டது. பழைய இசட் மதிப்பை அப்படியே எடுத்து இன்றைய ஆய்வோடு ஒப்பிட்டால் வளர்ச்சி மாறியதா, அளவுகோல் மாறியதா என்று தெரியாது. பழைய நெடுவரிசையை, இது பழைய அளவுகோல் என்று குறிப்பிட்டு வைத்துக்கொண்டு, புதிதாகக் கணக்கிடுங்கள். அதற்குப் பிறந்த தேதி, அளந்த தேதி, பாலினம், எடை, உயரத்தோடு, படுக்கவைத்து அளந்தார்களா நிற்கவைத்து அளந்தார்களா என்பதும் தேவை. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையை நிற்கவைத்து அளந்திருந்தால் 0.7 செ.மீ. கூட்ட வேண்டும். ஒரே ஓர் எழுத்து அகலமுள்ள அந்தப் புலத்தைத்தான் 'இது எதற்கு' என்று முதலில் நீக்குகிறார்கள்.

மாற்றி முடித்தால் வேலை பாதிதான் முடிந்தது. பழைய நிரலில் ஒவ்வொரு மாறிக்கும் எண்ணிக்கைப் பட்டியல் எடுங்கள், புதிய நிரலில் அதையே எடுங்கள், வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எண் மாறிகளுக்குச் சிறுமம், பெருமம், கூட்டுத்தொகை. சராசரி மட்டும் போதாது, ஒன்றையொன்று ஈடுசெய்யும் இரு பிழைகளை அது மறைத்துவிடும். பிறகு தீசிஸிலிருந்து ஓர் இரண்டுக்கு இரண்டு அட்டவணையை மறுபடி போட்டுப் பாருங்கள். கை-வர்க்க மதிப்பு (இரண்டு மாறிகளுக்குத் தொடர்பு உண்டா என்று சோதிக்கும் எண்) ஒத்துவராவிட்டால் உடனே தரவைக் குற்றம் சொல்ல வேண்டாம். எபி இன்ஃபோ 6 மூன்று மதிப்புகளை அச்சிடும்: திருத்தாதது, மான்டல்-ஹென்செல், யேட்ஸ் திருத்தம். ஆர் சொல்லாமலேயே யேட்ஸ் திருத்தம் செய்யும். மாணவர் தீசிஸில் முதலாவதை எழுதியிருப்பார். நான்கு அறைகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் தரவு சரி. ஷெட்யூல்கள் கட்டுகளாக இன்னும் இருந்தால், குலுக்கலில் இருபதை எடுத்து எல்லாப் புலங்களையும் தாளோடு ஒப்பிடுங்கள்.

ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு ரெக் கோப்புகள் கிடைப்பதும் உண்டு. ஒரே தாள்களை இருவர் தனித்தனியே உள்ளிட்டு, இரண்டையும் ஒப்பிட்டு 'வேலிடேட்' செய்த காலம் அது. புதிய தேதியுள்ளது திருத்திய கோப்பு என்று எண்ணத் தோன்றும், அது உறுதியில்லை. எதன் எண்ணிக்கை தீசிஸோடு பொருந்துகிறதோ அதுவே இறுதி. மற்றதையும் அழிக்க வேண்டாம்.

இறுதியாகத் துறையின் கையில் இருக்க வேண்டியவை: மூலக் கோப்புகள் நான்கும், யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒரு சிஎஸ்வி, ஒவ்வொரு மாறிக்கும் பெயர், கேள்வி, குறியீடுகள், விடுபடல் எண்கள் அடங்கிய குறியீட்டுப் பட்டியல், மாற்றிய கட்டளைகள், ஒப்பிட்ட அட்டவணை. சாவ் கோப்போ ஸ்டேட்டா கோப்போ கூடுதலாக இருக்கலாம், அது மட்டுமே இருந்தால் முப்பது ஆண்டு கழித்து இதே மடலை இன்னொருவர் எழுத வேண்டிவரும். அந்தக் காலத்துக் கோப்புகளில் நோயாளியின் பெயர், கணவர் பெயர், கதவு எண் எல்லாம் இருக்கும். அவற்றைத் தனிக் கோப்பாகப் பிரித்துப் பூட்டி வைத்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற பிறகே எதையும் வெளியே கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி மாற்றித் தரச் சொல்லும் வேலை வேண்டாம்.

இதைப் பி.ஜி. மாணவர் ஒருவரிடம் மாலைக்குள் முடித்துத் தா என்று கொடுக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறோம். 60 மாறிகள் கொண்ட ரெக் கோப்பை மாற்றப் பத்து நிமிடம் போதும். அதன் குறியீடுகளைப் புரிந்து, பட்டியல் எழுதி, ஒப்பிட இரண்டு முழு நாள் தேவை. அந்த இரண்டு நாளை அலுவல் நேரமாகக் கணக்கிட்டு, புள்ளியியல் பணியாளருக்கு எழுத்தில் ஒதுக்கித் தாருங்கள்.

வினாப்படிவமும் கிடைக்காத கோப்புகளுக்கு ஒரே வழிதான் உண்டு. அந்த ஆய்வை நடத்தியவரையோ வழிகாட்டியவரையோ கேட்க வேண்டும். தொழிலில் 4 என்றால் என்ன என்பது இன்று ஒருவரது நினைவில் மட்டும் இருக்கலாம். துறையில் எந்தெந்த ஆய்வுக் கோப்புகள் உள்ளன, அவற்றின் வழிகாட்டி யார், அவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்று ஒரு பக்கப் பட்டியல் எழுதுங்கள். வேலையை ஆண்டு வரிசையில் தொடங்காமல், அடுத்து ஓய்வு பெறப்போகிறவரின் கோப்பிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஆய்வுத் தரவைக் கையாளும் புள்ளியியல் பணியாளர்கள்